குடிலுக்குப் போன விளக்கு

அத்தியாயம் 14

சென்ற வாரம் லிண்டாவை ஒரு திறந்த பெட்டியின் முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள்.

ஸ்வெட்டர்கள் இருந்தன. கம்பளிக் காலுறைகள் இருந்தன. மகள் ஜெர்லின் பெரியம்மாவுக்கு என்று கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பா காலியாக இருந்தது. விளக்கு மட்டும் இல்லை.

டிசம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. காலை மணி ஆறு. பாளையங்கோட்டையில் ஆறு நாளாக வெயில் கிடையாது. காற்றழுத்தம் என்கிறார்கள், கரையைக் கடக்கும் என்கிறார்கள். அது கடக்கிற பாடாக இல்லை. மாடியில் காயப்போட்ட துணி ஈரத்திலேயே நாறத் தொடங்கியிருந்தது.

லிண்டா இந்த ஊருக்கு வந்ததே வெயிலுக்காக.

ஏழு வருஷமாக ஸ்காட்லாந்தில் நர்ஸ். அபர்டீன் நகரத்தில் டிசம்பர் மாதம் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும். மூன்றரைக்கு இருட்டிவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவாள். முதல் இரண்டு குளிர்காலம் சமாளித்தாள். மூன்றாவதிலிருந்து ஏதோ ஒன்று வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டது. மார்ச்சில் எழுந்து போகும். அடுத்த நவம்பரில் வரும். பிறகு அக்டோபரில். இந்த வருஷம் செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

அங்கே டாக்டர் ஒரு விளக்கு கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளையாக இருக்கும். தினமும் காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். நிறைய ஓய்வெடு, பிடித்ததைச் சாப்பிடு, சின்னச் சின்ன சந்தோஷங்களை விடாதே என்றார். கடைசியில், உன் ஊர் வெயில் ஊர்தானே, ஆறு வாரம் போய் இருந்துவிட்டு வா என்றார்.

வந்து மூன்று வாரம் ஆயிற்று. வெயில் இருந்தவரை விளக்கு தேவைப்படவில்லை, பெட்டியிலேயே கிடந்தது. கணவன் ரேமண்டும் மகளும் அங்கே இருக்கிறார்கள். லிண்டாவின் வேலை இருந்தால்தான் அவர்கள் அந்த நாட்டில் இருக்க முடியும்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஜனவரி ஐந்தாம் தேதி வேலைக்கு வருவாயா, மாட்டாயா? இரண்டு முறை தவணை கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் பதில் வேண்டும். வராவிட்டால், நீ வரவில்லை என்றே எடுத்துக்கொள்வோம்.

அவர்களுக்கு மதியம் இரண்டு, நமக்கு இரவு ஏழரை.

"என்னட்டி, வெள்ளனத்துலயே பெட்டியக் கொடஞ்சிக்கிட்டு இருக்க?"

அக்கா கிறிஸ்டி வாசலில் நின்றாள். கையில் கறிக்கடைப் பை. தலையில் துண்டு. ஆசிரியை. எட்டரைக்குப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு மேற்பார்வை. அதற்குள் கடைக்குப் போய்விட்டு வந்துவிட்டாள்.

"அக்கா, இதுல ஒரு விளக்கு இருந்துச்சுல்லா? வெள்ளையா, தட்டு மாதிரி?"

"அதுவா? அத்தான் குடிலுக்கு எடுத்துட்டுப் போனாவளே!"

"குடிலுக்கா?"

"திங்கக்கெழமையே போயாச்சு. நீ தூங்கிக்கிட்டு இருந்த. 'ஏளா, இது லைட்டு இல்ல, சூரியன்'னு அவிய மூஞ்சியில அப்படியொரு பூரிப்பு. கிறிஸ்மஸ் கழியட்டும், தந்துருவாவ. ஒனக்குப் படிக்கதுக்குத்தானே? ட்யூப்லைட்டு இருக்குல்லா?"

லிண்டா பெட்டியை மூடினாள். அது படிக்கிற விளக்கு என்று அக்காவிடம் சொன்னவள் அவள்தான். ரத்தம் குறைவு, அதனால்தான் சோர்வு என்று சொன்னதும் அவள்தான். மனசு படுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? ரத்தக் குறைவு என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும்.

புரிந்ததுதான் வினையாயிற்று. ரத்தம் ஊறுவதற்காகக் கிறிஸ்டி தினமும் ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியை வாங்கி வந்தாள். பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மறுபடியும் சுவரொட்டி. கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முழுக்கக் கறியைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டவள், தங்கைக்காகக் காலை ஐந்தரைக்குக் கறிக்கடை வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைக்கா."

"வெள்ளிக்கெழமைன்னு பாத்தா ரத்தம் ஊறுமா? மாதா ஒண்ணும் நெனைக்க மாட்டா. மூடிட்டு சாப்புடு."

●

பத்து மணிக்கு லிண்டா ஆட்டோ பிடித்தாள். மூன்று வாரத்தில் அவள் தனியாக வீட்டுப் படி இறங்குவது அதுதான் முதல் தடவை. செருப்பை மாட்டவே கால்மணி நேரம் ஆயிற்று.

கோயில் மைதானத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிறிஸ்மஸ் குடில் நின்றது. குடில் என்றால் வைக்கோல் கொட்டகை இல்லை. கிறிஸ்டியின் கணவர் ஜோன்ஸ் அத்தான் மைக்செட் கடைக்காரர். எதையும் பெரிதாகக் கட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இந்த வருஷம் தாமிரபரணியையே கட்டிவிட்டார்.

சாக்கும் பசைக் காகிதமுமாகப் பொதிகை மலை. மோட்டார் வைத்து அருவி. தெர்மாகோலில் பாபநாசம் அணை. அங்கிருந்து ஆறு புறப்பட்டு, சுலோசன முதலியார் பாலத்துக்கு அடியில் நுழைந்து, வாழைத் தோட்டங்களைக் கடந்து இருபத்தைந்து அடி ஓடியது. கடைசியில் நீலப் பிளாஸ்டிக் கடல்.

"வா லிண்டா, வா வா!" ஜோன்ஸ் ஏணியில் இருந்தார். மடித்துக் கட்டிய கைலி. மணிக்கட்டில் வளையல் மாதிரி இன்சுலேஷன் டேப். "ஆளே எந்திரிச்சு வந்துட்டியே! பெத்லகேம் எங்கன இருக்குன்னு சொல்லு பாப்போம்."

"தெரியல அத்தான்."

"புன்னக்காயல்ல! ஆறு கடல்ல விழுகுற எடத்துல. ஆண்டவர் நம்ம கடக்கரையில பொறக்காம வேற எங்க பொறப்பாரு? மூணு ஞானியளும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல வாராவ, பாத்தியா?"

உண்மையாகவே மூன்று ராஜாக்களும் பொம்மை ரயிலின் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

மலைக்கு மேலே, மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றி, லிண்டாவின் விளக்கு எரிந்தது.

"சூரியன் எப்படி?"

"பொதிகைக்கு மேல வச்சிருக்கியளே அத்தான். அது மேக்கு. அங்கன இருந்தா அது சாயுற சூரியன்."

ஜோன்ஸ் ஏணியிலிருந்தபடியே யோசித்தார். "அட, சவத்தைத் தள்ளு. நடுவருக்குத் தெரியவா போகுது? சாயந்திரம் ஆறு மணிக்கு மறைமாவட்டத்துலருந்து வாராவ. போன வருஷம் ரெண்டாம் பரிசு. இந்த வருஷம் விட மாட்டேன்."

"அத்தான், எனக்கு அந்த விளக்கு வேணும்."

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும்..."

"எனக்கு ரத்தக் கொறவு எல்லாம் இல்ல அத்தான்."

அவர் கீழே இறங்கினார். பைய, ஒவ்வொரு படியாக.

லிண்டா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். காலையில் கண் விழித்ததும் எதற்கு விழித்தோம் என்று இருக்கும் என்றாள். குளிப்பது ஒரு மலை என்றாள். ஒருநாள் மருந்து அறையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் சும்மா நின்றதைச் சொன்னாள்.

"அது மருந்து விளக்கு அத்தான். காலையில அரை மணி நேரம் முன்னால உக்காரணும். நேராப் பாக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கமா."

"உக்காந்தா?"

"மனசு எந்திரிக்கும்னாங்க."

"எந்திரிக்குதா?"

லிண்டா சாய்ந்து கிடந்த ஓர் ஆட்டுப் பொம்மையை நிமிர்த்தி வைத்தாள். ஜோன்ஸ் மறுபடியும் ஏணியில் ஏறி மஞ்சள் தாளைக் கிழித்தார். விளக்கைக் கழற்ற முடியவில்லை. கம்பியை வளைத்து, டேப் சுற்றி, மலையோடு மலையாகக் கட்டியிருந்தார். கழற்றினால் பொதிகையில் பாதி வந்துவிடும்.

"அரை மணி நேரந்தானே? இங்கனயே உக்காரு."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, ஆட்டுப் பொம்மைகளுக்கும் பாலத்துக்கும் நடுவில் போட்டார். அவளை ஒரு பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தார். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றினார். பிறகு கருவிப் பையைத் திறந்து, ஸ்க்ரூடிரைவருக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"ஒங்க அம்மா அனுப்புனது. திசையன்விளை பஸ்ல நேத்து வந்துச்சு. ஒங்க அக்கா காலையில அவிச்சு வச்சா, அவ கண்ணுல படாம நாலு எடுத்தேன்."

அவித்த பனங்கிழங்கு. இன்னும் லேசான சூடு இருந்தது. மஞ்சளும் மிளகும் தடவி அவித்தது.

பனங்கிழங்கை அவசரமாகத் தின்ன முடியாது. தோலை உரிக்க வேண்டும். நடுவில் பிளந்து, உள்ளே இருக்கும் குருத்தான பீலியை எடுத்துப் போட வேண்டும். நார் நாராகக் கிழித்து, ஒவ்வொன்றாகக் கடிக்க வேண்டும். லிண்டா உரித்தாள். விரலுக்கு வேலை இருந்தது. வெள்ளை வெளிச்சம் இடது கன்னத்தில் விழுந்தது. டீயில் இஞ்சி இருந்தது. தார்ப்பாயில் மழை தட்டியது.

ஒரு கிழங்கு முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்தது. அதற்கு மேலே அது ஏறவில்லை.

"ஏ, இது நம்ம கிறிஸ்டி தங்கச்சில்லா?"

பூக்கட்ட வந்த சலேத்தம்மா. எழுபது வயது. கோயில் மைதானத்தில் நடப்பது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குழந்தை இயேசுவின் முன்னால், வெளிச்சத்தில், அசையாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவள் என்ன நினைப்பாள்?

"சீமையில இருந்து வந்தும் எம்புட்டு பக்தி பாரேன்! என்ன வேண்டிக்கிடுத? ரெண்டாவது புள்ளைக்கா?"

"இல்லம்மா, நான்..."

"வெக்கப்படாத. நானும் வேண்டுதேன்." ஈரத் தரையில் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்து ஜெபமாலை வந்தது. "அருள் நிறைந்த மரியே..."

ஜோன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். இருந்தாலும் மரியாதைக்கு அருவி மோட்டாரை நிறுத்தினார்.

மோட்டார் நின்ற அமைதியில்தான் கயிறு நெரிகிற சத்தம் கேட்டது. மேலே தார்ப்பாய் ஒரு பெரிய வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாள் மழை அதில் நின்றது.

"லிண்டா, எந்திரி!"

கயிறு அறுந்தது. ஆறு குடம் தண்ணீர் பொதிகையின் தலையில் கொட்டியது. முதலில் பாபநாசம் அணை போயிற்று. பிறகு பாலம். வாழைத் தோட்டம், ரயில், மூன்று ராஜாக்கள் எல்லாம் கூழாகிப் புன்னைக்காயல் பக்கம் போய்ச் சேர்ந்தன. நடுவில் 'சடக்' என்று சின்னதாக ஒரு சத்தம். விளக்கு அணைந்தது.

ஜோன்ஸ் ஓடிப்போய் மெயினை அணைத்தார். திரும்பி வந்து பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போச்சே, ஜில்லாவே போச்சே!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சலேத்தம்மா சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் அவள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றது. அவள் சேற்றில் கைவிட்டுச் சூசையப்பர் பொம்மையைத் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ஜோன்ஸின் சிரிப்பு நின்றது.

விளக்கைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் ஊற்றியது.

"சரி பண்ணிருதேன் லிண்டா. சாயந்திரத்துக்குள்ள..."

"பரவாயில்ல அத்தான்."

பொய்யில்லை. அந்த 'சடக்' கேட்டபோது அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனி, அந்த விளக்கும் தனக்குப் பலன் தரவில்லை என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

●

கிறிஸ்டி இரண்டரைக்கு வந்தாள். குடையைக்கூட மடக்கவில்லை. ஜோன்ஸ் பள்ளிக்கே போன் போட்டு எல்லாம் சொல்லியிருந்தார்.

"ரத்தம் இல்லைன்னியேட்டி?"

லிண்டா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூந்தல் இன்னும் ஈரம்.

"மூணு வாரமா அந்தக் கறிக்கடைக்காரன் என்னயப் பாத்தாலே 'டீச்சர், சுவரொட்டியா?'ங்கான். எதுத்த வீட்டு முத்துராணி, ஒங்க தங்கச்சிக்கு வேற ஏதும் பெரிய சீக்கான்னு கேக்கா. நான் சண்டை போட்டுட்டு வந்தேன். நீ என்னான்னா அத்தான்கிட்டப் போயி சொல்லுத. நான் ஒனக்கு யாரு?"

"ஒன்கிட்டச் சொன்னா நீ அழுவக்கா."

"அழுதா என்ன? அழுதா செத்தா போயிருவேன்?"

சொல்லும்போதே அழுதாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

"சரி, வெயில் இல்லாமத்தானே இப்படி?" மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு நாள்ல வானம் வெளுத்துரும். டிவியில சொல்லிட்டான். மாடியில பாய் விரிச்சு ஒன்ன வத்தல் மாதிரி காயப் போடுதேன், பாரு."

லிண்டா திரும்பினாள்.

"அக்கா, நான் வந்த பொறவு மொத பத்து நாளும் நல்ல வெயில்."

"ஆமா."

"தெனமும் மாடியில போய் உக்காந்தேன்லா? நீ ரசம் வச்சுக் கொடுத்த. நல்லாத் தூங்குனேன். அம்மாவப் போய்ப் பாத்தேன். கடல் பாத்தேன். டாக்டர் சொன்னது ஒண்ணு விடாமச் செஞ்சேன்."

"ஆமாட்டி. அதுக்கென்ன?"

"அந்தப் பத்து நாளும் இப்படித்தான்க்கா இருந்தேன்."

கிறிஸ்டி குடையை மடக்கினாள்.

"அங்க இருக்கும்போது வெயில் இல்லாததுனாலதான்னு ஒரு காரணம் இருந்துச்சு. ஊருக்குப் போனா சரியாயிரும்னு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. ரேமண்ட்கிட்ட இன்னும் சொல்லல. தெனமும் வெயில்ல நிக்கிற போட்டோ அனுப்புதேன். மொத வாரம் எடுத்ததையே மாத்தி மாத்தி அனுப்புதேன்."

கிறிஸ்டிக்குத் தெரிந்த சமாதானங்கள் நிறைய இருந்தன. ஜெபம் பண்ணு, பிள்ளையை நினை, உனக்கென்ன குறை. ஒவ்வொன்றாக வாய் வரைக்கும் வந்தன. தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

கடைசியில், "தலை ஈரமா இருக்கு. எந்திரி" என்றாள்.

அண்டாவில் வெந்நீர் போட்டாள். சின்னப் பிள்ளைக்கு ஊற்றுவது போல முதுகில் ஊற்றினாள். உலராத கூந்தலைத் தூபக்காலுக்கு மேலே விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டினாள். கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தாள். சுவரொட்டிக் குழம்பை எடுத்து, பின்வாசல் பூனைக்கு வைத்தாள்.

அதைப் பார்த்து லிண்டாவுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. முழுசாக வரவில்லை.

நான்கரைக்கு அவள் போனை எடுத்தாள். பதிலை அடித்தாள். இரண்டே வரி. ஜனவரி ஐந்தாம் தேதி வேலைக்கு வருகிறேன். தவணை கொடுத்ததற்கு நன்றி.

"போகப் போறியா?" கிறிஸ்டி எட்டிப் பார்த்தாள்.

"ஜெர்லினுக்கு அங்கதான் ஸ்கூல். ரேமண்டுக்கு அங்கதான் வேலை. எங்க இருந்தாலும் நான் இப்படித்தான்னா, அவங்களுக்கு நல்லா இருக்குற எடத்துல இருந்துட்டுப் போறேன்."

"அனுப்பிட்டியா?"

"இல்ல." லிண்டா போனை அக்காவின் கையில் வைத்தாள். "ஏழரைக்குள்ள அனுப்பணும். ஏழு மணிக்கு எழுப்பி விடு. அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணாதவளாக் கொஞ்ச நேரம் படுத்துக்கிடுதேன்."

கிறிஸ்டி போர்வையை இழுத்துவிட்டாள். ஒரு நிமிஷம் நின்றாள். இருபது வருஷத்தில் அவள் பகலில் படுத்ததில்லை. படுத்தால் வீடு கவிழ்ந்துவிடும் என்று நம்புகிறவள். இன்றைக்குத் தங்கையின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, அந்த முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

முதுகு ஏறி இறங்கியது. பிறகு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

●

ஆறு மணிக்குக் கிறிஸ்டி எழுந்து அடுக்களைக்குப் போனாள். போன் அடித்தது. ரேமண்ட். உள்ளே தங்கை அசைந்தாள். கிறிஸ்டி சத்தத்தை அடக்கிவிட்டுப் போனை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் பேசிக்கொள்ளட்டும்.

ஏழு மணிக்கு எழுப்பப் போனாள்.

லிண்டா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். லேசான குறட்டை. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மூன்று வாரமாக இரவுகளில் கிறிஸ்டி எட்டிப் பார்த்தபோதெல்லாம் இவள் கண்ணை மூடி விறைப்பாகக் கிடப்பாள். நல்லாத் தூங்கினேன் என்று காலையில் சொல்வாள். கிறிஸ்டியும் நம்பிவிடுவாள். தூக்கம் என்றால் இதுதானே என்று இப்போதுதான் தெரிந்தது.

நெற்றியில் எப்போதும் விழுந்திருக்கும் சுருக்கக் கோடு இல்லை. பத்து வயதில் அம்மா ஊர்க் கடற்கரையில் மீன்வலைக் குவியலின் மேல் தூங்குவாளே, அதே முகம்.

'அஞ்சு நிமிஷம்' என்று திரும்பிப் போனாள்.

ஏழே காலுக்கு மறுபடி வந்தாள். தோளைத் தொடக் கை நீட்டினாள். நீட்டிய கையால் போர்வையைச் சரிசெய்துவிட்டு நின்றாள்.

ஏழு இருபத்தைந்துக்கு மூன்றாவது தடவை வந்தாள். அந்த முறை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் நேரம் ஆகாது என்று நினைத்தாளோ என்னவோ.

●

லிண்டா கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. ஆனால் உடம்பு லேசாக இருந்தது. ஏதோ ஒன்று எழுந்து போய், நாற்காலி காலியாக இருப்பது போல. அசைந்தால் அது திரும்பி வந்துவிடுமோ என்று அப்படியே கிடந்தாள். பிறகு வயிறு கூப்பிட்டது.

"அக்கா, பசிக்குது."

தரையிலிருந்து குரல் வந்தது. "என்ன வேணும்?"

"பனங்கெழங்கு இருக்கா?"

கிறிஸ்டி தட்டில் கொண்டுவந்தாள். விளக்கைப் போடவில்லை. இரண்டு பேரும் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரித்தார்கள். லிண்டா ஒன்றைத் தின்று, இன்னொன்றை எடுத்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஜோன்ஸ் நனைந்துபோய் வந்து நின்றார்.

"பரிசு கெடைக்கல. ஆனா நடுவர் ஒரு மணி நேரம் நின்னு பாத்தாரு. 'வெள்ளத்துல சிக்குன பெத்லகேம், நல்ல கருத்து'ன்னுட்டுப் போனாரு, கோட்டிக்காரன். சேத்துக்குள்ள மாட்டுக்கொட்டகை மட்டும் அசையல லிண்டா, சத்தியமா." பைக்குள்ளிருந்து விளக்கை எடுத்தார். "இது செத்துப்போச்சு. கழட்டிப் பாத்தேன். உள்ள எல்லாம் கருகிட்டு."

லிண்டா சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு முழுசாக வந்தது. தனக்கே அது விசித்திரமாக இருந்தது.

"அத்தான், மணி என்ன?"

"எட்டே கால் ஆகப்போகுது."

கையிலிருந்த கிழங்கு தட்டில் விழுந்தது.

"அக்கா."

கிறிஸ்டி தலையைக் குனிந்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த நாரையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் போன் எங்க?"

"எழுப்பத்தான் வந்தேன். மூணு தடவை வந்தேன்ட்டி." கிறிஸ்டி நாரைத் தட்டில் போட்டாள். "நீ தூங்கிக்கிட்டு இருந்த. அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. மனசு வரல."

லிண்டா இறங்கி ஓடினாள். அடுக்களையில் தேடினாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ரேமண்டின் ஒன்பது அழைப்புகள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மின்னஞ்சல், ஏழு முப்பத்தாறுக்கு வந்தது. பதில் வராததால், நீங்கள் திரும்பவில்லை என்று குறித்துக்கொண்டோம். மற்ற விவரங்கள் விடுமுறைக்குப் பிறகு.

அவள் எழுதிய இரண்டு வரியும் போகாமல் அப்படியே இருந்தன. இப்போது அழுத்தினாள். போயிற்று. உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அலுவலகம் மூடியிருக்கிறது. ஜனவரி ஐந்தாம் தேதி திறக்கும்.

அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. ஜெர்லின். ஆறே காலுக்கு அனுப்பியது.

லிண்டா அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு அதைத் தட்டினாள்.

"அம்மா, அப்பா கூப்பிட்டா ஏன் எடுக்க மாட்டேங்குற? நான் மூணு நாளா ஸ்கூலுக்குப் போகல. காச்சல் எல்லாம் இல்ல. சும்மா எழுந்திரிக்க முடியல. உன்கிட்டச் சொன்னா நீ அழுவேன்னு அப்பா சொல்லல. டாக்டர்ட்ட போனோம். எனக்கும் உன்னுது மாதிரி ஒரு விளக்கு கொடுத்திருக்காங்க. பேப்பர்ல என்னமோ எழுதியிருக்கு, அப்பாவுக்குப் புரியல. எவ்வளவு நேரம்மா உக்காரணும்?"

பதிவு முடிந்தது.

அடுக்களை வாசலில் கிறிஸ்டியும் ஜோன்ஸும் நின்றார்கள். ஜோன்ஸின் கையில் அந்தக் கருகிய விளக்கு இன்னும் இருந்தது.

"அரை மணி நேரம், பாப்பா" என்றாள் லிண்டா. எதையும் அழுத்தாமல், அணைந்து கறுத்துவிட்ட திரையைப் பார்த்து. "நேராப் பாக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கமா."